பசுவைக் கேட்டீர்களா?

தை பிறந்ததும் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று வாடிவாசல்கள் திறக்கும். கூடவே ஒரு வாட்ஸப் அறிவியலும் அவிழ்த்துவிடப்படும்: “ஜல்லிக்கட்டுதான் பாலியல் தேர்வு. வீரமான காளை பொலிக்கு நிக்கும், பிடிபட்டது அடிமாடாப் போகும். டார்வினே சொல்லிட்டார்.”

ஜல்லிக்கட்டு வேணுமா வேண்டாமா என்பது இங்கே பேச்சில்லை. அந்த வழக்கை 2023-இல் உச்ச நீதிமன்றமே முடித்துவைத்துவிட்டது. புலிக்குளம் மாடு அழியக் கூடாது என்பதிலும் சண்டை இல்லை. டார்வினை ஏன் பாதியாக நறுக்குகிறீர்கள் என்பதுதான் கேள்வி.

1871-இல் வெளிவந்த ‘மனிதனின் தோற்றம்’ நூலில் டார்வின் பாலியல் தேர்வுக்கு இரண்டு வழிகளைச் சொன்னார். ஒன்று, இணைக்காக ஆண்கள் தமக்குள் மோதுவது. மற்றொன்று, பெண் பார்த்துத் தேர்ந்தெடுப்பது. வாடிவாசலில் இரண்டுமே கிடையாது. அங்கே காளை மோதுவது மனிதனோடு. பசு அந்தப் பக்கமே வருவதில்லை. நின்று விளையாடிய காளையைப் பொலிகாளையாக வைத்துக்கொள்வது மாட்டுக்காரர். ராஜபாளையம் நாயும் பந்தயப் புறாவும் உருவான அதே வழி. இதற்குப் பெயர் செயற்கைத் தேர்வு. சினை ஊசி போட்ட பசுவுக்கோ காளையின் முகம்கூடத் தெரியாது.

இந்த மறதி நமக்கு மட்டும் வந்ததல்ல. ஆண்கள் மோதுவதை ஏற்றுக்கொண்ட ஆல்பிரட் வாலஸ், பெண் பறவை அழகு பார்த்துத் தேர்ந்தெடுக்கும் என்பதை மட்டும் ஏற்க மறுத்தார். அதன் பிறகு ஏறத்தாழ நூறு வருஷம் பெரும்பாலான உயிரியலாளர்கள் அந்தப் பாதியைக் கண்டுகொள்ளவே இல்லை.

நம்ப முடியவில்லை என்றால், மழை பெய்து வயல் பச்சை பிடித்ததும் மேலூர்ப் பக்கம் ஒரு கிணற்றடியில் போய் நில்லுங்கள். ஆண் தூக்கணாங்குருவி பாதிக் கூட்டைப் பின்னி முடித்து, அதில் தொங்கிக்கொண்டு சிறகடித்துக் கூப்பிடும். பெண் வந்து உள்ளே புகுந்து பார்க்கும். பிடிக்கவில்லையா, போய்விடும். அத்தனை நாள் பின்னியதும் வீண். பிடித்தால்தான் ஆண் மீதிக் கூட்டை முடிக்கும். முடித்த கையோடு அடுத்த பெண்ணுக்கு அடுத்த கூடு. அதுவும் ஏகபத்தினி விரதன் இல்லை.

கொடி படர்ந்த கண்மாயில் நீளவால் இலைக்கோழியைப் பாருங்கள். பெண்தான் உருவில் பெரிது. ஓர் ஆணுக்கு முட்டையிட்டுக் கொடுத்துவிட்டு அடுத்த ஆணிடம் போகும். அடைகாப்பதும் குஞ்சை மேய்ப்பதும் ஆண். “பொம்பளைன்னா அப்படித்தான், அது இயற்கை” என்று எந்த வாட்ஸப் குழுவிலாவது இது வந்து பார்த்திருக்கிறீர்களா?

வராது. ஏனென்றால் இங்கே ‘இயற்கை’ என்பது வேறு வேலைக்கு. முல்லைக்கலி காலத்திலிருந்தே ஏறு தழுவுதலும் கல்யாணமும் நமக்குப் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கின்றன. மாட்டில் தொடங்கும் ‘கலப்பு கூடாது’ என்ற பேச்சு, நாலாவது வரியில் வீட்டுப் பெண்ணிடம் வந்து நிற்கும். நாட்டு மாட்டு இனத்தைக் காப்பாற்றுவது வேறு. சாதி எந்த உயிரியலிலும் இனம் கிடையாது. 2016-இல், உசிலம்பட்டிப் பெண் ஒருவரின் ஆணவக்கொலை தொடர்பான வழக்கில், சாதி மறுத்து மணப்பவர்களைக் காக்க மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவு அமைக்கச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். “எனக்கு இவனைப் பிடிச்சிருக்கு” என்று ஒரு பெண் சொன்னால் போலீஸ் காவல் தேவைப்படும் ஊரில் உட்கார்ந்துகொண்டுதான் நாம் பாலியல் தேர்வு பற்றிப் பாடம் எடுக்கிறோம்.

தூக்கணாங்குருவி தேர்ந்தெடுக்கிறது, அதனால் பெண்ணுக்கும் உரிமை கொடுங்கள் என்று நான் சொல்லவில்லை. குருவிக்கு அரசியல் சட்டம் கிடையாது. இவளுக்கு உண்டு. மனுஷி என்பதே அவளுக்குப் போதுமான காரணம். இயற்கையைச் சாட்சிக்கு இழுத்து வந்தது நீங்கள். அது கூண்டில் ஏறி உங்களுக்கு எதிராகப் பேசினால், கோபப்பட என்ன இருக்கிறது?