குலுக்கை இருந்த இடத்தில் கண்டெய்னரா?

வைகை நீர் பாயும் சோழவந்தான் வயல்வெளியில், அகத்தி நிழலில் வெற்றிலை படரும் கொடிக்கால்களுக்கு அருகே, துருவேறிய இருப்புப் பெட்டி ஒன்று கிடக்கிறது. நீளம் 20 அடி. அகலம் 8 அடி. உயரம் எட்டரை அடி. "என்னப்பா இது?" என்று நிலத்துக்குரியவனைக் கேட்டேன். அவன் என் பங்காளி மகன். "கண்டெய்னர் பெரியப்பா! இனி இதுதான் நம்ம குடோன்" என்றான் பெருமை பொங்க. ஒரே மூச்சில் இரண்டு அயற்சொற்கள்! அரசஞ்சண்முகனாரை ஈன்ற ஊரில் இது நிகழ்ந்தது, தமிழன்பர்களே!

'குடோன்' என்பதன் வரலாற்றையேனும் நாம் அறிவோமா? தமிழில் கிடங்கு என்றும் தெலுங்கில் கிட்டங்கி என்றும் வழங்கும் தென்னாட்டுச் சொல்லே, வணிகரோடு கடல்கடந்து மலாயில் 'குடாங்' ஆகி, ஆங்கிலேயன் வாயில் 'கோடவுன்' எனச் சிதைந்தது என்பர் சொல்லாய்வாளர் பலர். நம் வீட்டுப் பொருளைப் பிறன் எடுத்துப்போய் நசுக்கித் திருப்பித் தர, அதனைப் புதையலென்று தலையிற் சுமந்து கூத்தாடுகிறோம்! கண்டெய்னருக்குச் 'சரக்குப் பெட்டகம்' என்று நாளிதழ்களே எழுதுகின்றன. அதைச் சொன்னால் நமக்கு மட்டும் வாய் நோகுமா?

சொல் கிடக்கட்டும். பொருளுக்கு வருவோம்.

பெட்டகம் இகழத்தக்கதன்று. 1956-இல் மால்கம் மெக்லீன் என்னும் அமெரிக்கர், நெவார்க்கிலிருந்து ஊசுட்டனுக்கு 'ஐடியல் எக்சு' என்னும் கப்பலில் 58 பெட்டகங்களை ஏற்றி அனுப்பினார். உலக வணிகத்தின் போக்கே மாறிற்று. அலையையும் உப்புக்காற்றையும் தாங்கும் உறுதி அதற்குண்டு. கடற்பணி முடிந்து விலைக்கு வரும் பழம்பெட்டகத்தில் மண்வெட்டியையும் நீரிறைக்கும் பொறியையும் பூட்டி வைப்பதை நான் குறைகூறேன். எலி புகாது, கள்வனும் எளிதிற் புகான்.

ஆயின் வித்தையும் மாந்தனையும் அதனுள் அடைக்கலாமோ?

கத்திரி வெயிலில் மதுரைச் சமவெளி 40 பாகை வெப்பத்தில் வேகும். அரை விரற்கடையும் தேறாத மெல்லிரும்புச் சுவர், சாளரமின்றி, நாள் முழுதும் காய்ந்தால் உள்ளே அடுப்புத்தான். இரவில் இரும்பு குளிர, அடைபட்ட நீராவி கூரையின் அடிப்புறத்தில் துளித்துளியாய்த் திரண்டு மூட்டைமேற் சொட்டும். கப்பற்றொழிலார் இதனைப் 'பெட்டக மழை' என்றே குறிப்பர். நெல்வித்தின் ஈரம் 13 விழுக்காட்டை விஞ்சலாகாது, முளைத்திறன் 80 விழுக்காட்டிற் குறையலாகாது என்பது விதைச்சான்று விதி. அவன் அடைத்துவைத்த வித்திலோ நூற்றுக்கு ஐம்பதும் முளைக்கவில்லை. நாற்றங்கால் சொறிபிடித்தது போற் கிடந்தது. போதாக்குறைக்கு, இப் பெட்டகங்களின் தரைப்பலகையில் மரம் அரிக்கும் பூச்சிக்கென நச்சு ஊட்டுவது வழக்கம். முன்பு எச்சரக்கை ஏற்றினரோ, அதையும் அறியோம். அதன்மேல் உண்ணும் நெல்லைக் கொட்டுவதோ?

அவன் பாட்டி வைத்திருந்த குலுக்கையை நான் கண்டிருக்கிறேன். மண்ணும் வைக்கோலும் குழைத்து வனைந்தது. வெயில் உள்ளே இறங்காது. மிகுந்த ஈரத்தை மண்ணே உறிஞ்சிக்கொள்ளும். இடையிடையே நொச்சித்தழையும் வேப்பந்தழையும் இருக்கும். வைக்கோற்பிரி சுற்றிச் சாணம் மெழுகிய விதைக்கோட்டையும் அத்தகையதே. அவை 'பட்டிக்காட்டுப் பொருள்' என்று குப்பைக்குப் போயின!

இவற்றினும் என்னைச் சுட்டது வேறொன்று. காவலுக்கு அமர்த்திய முதியவர் ஒருவரை அப் பெட்டகத்திலேயே தங்கச் செய்திருந்தான். அவரோ வரப்பிற் பாய்விரித்துக் கிடந்தார். "ஏன் பெரியவரே, உள்ளே படுப்பதில்லையா?" என்றேன். "உள்ள படுத்தா வெந்து போவேன் ஐயா. வெளிய பாம்புதான்" என்றார்.

பங்காளி மகனிடம் சொன்னேன்: "வித்தைக் குலுக்கைக்கு மாற்று. பெட்டகத்தின் நான்கு மூலைக்கும் கல் கொடுத்து உயர்த்து. எடை தாங்குவன அம்மூலைத் தூண்களே. சுவரை வெட்டிச் சாளரம் வைப்பதானால் இருப்புச் சட்டம் கட்டாமல் வெட்டாதே. மேலே இரண்டடி இடைவெளி விட்டுத் தென்னங்கீற்றால் கூரை வேய். கீற்றுக்கா இவ்வூரிற் பஞ்சம்? முதியவருக்குத் தனியே ஒரு குடில் போடு."

தலையாட்டினான். கிழமைதோறும் போய்க் கேட்டு வருகிறேன். இன்னும் ஒரு கீற்றும் ஏறவில்லை.