பதினோரு சைக்கிளும் ஒரு பொய்யும்

ராத்திரிச் சமையலுக்கு ரசம் தாளித்துக் கொண்டிருந்தேன். என் மகள் அடுப்படி வாசலில் வந்து நின்றாள்.

"அம்மா, நவம்பர்லே காஷ்மீர்லேர்ந்து கன்னியாகுமரிக்கு சைக்கிள்லே போறோம். பதினோரு பேர். நான் பேர் கொடுத்துட்டேன்."

கவனியுங்கள், போகட்டுமா என்று கேட்கவில்லை. போகிறேன் என்று சொன்னாள். இது 2023 பிப்ரவரியில். அப்போது அவளுக்கு இருபத்து மூன்று வயது.

"தெருக்கோடி மளிகைக் கடைக்குப் போகச் சொன்னா ஸ்கூட்டர் சாவியைத் தேடுறவ நீ" என்று சிரித்தார் என் வீட்டுக்காரர். என் மாமியார் சிரிக்கவில்லை. "கல்யாணம் ஆகவேண்டிய பொண்ணு. நாப்பது நாள் அதுமேலே உட்கார்ந்தா கர்ப்பப்பை என்னத்துக்கு ஆகும்?" என்றார். சின்ன வயசில் நானும் அப்பாவின் சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டவள்தான். பெரியவளானதும் இதே வார்த்தையைச் சொல்லித்தான் என்னை இறக்கி விட்டார்கள்.

நான் மறுக்கவில்லை. "ரத்தத்தைப் பரிசோதிச்சுக்கோ. ஹீமோகுளோபின் பன்னிரண்டு இருந்தா போயிட்டு வா" என்றேன். ரொம்பப் பெருந்தன்மை என்று நினைத்துவிடாதீர்கள். மாடிப்படி ஏறினாலே அவளுக்கு மூச்சு வாங்கும். கண் இமையை இழுத்துப் பார்த்தால் உள்ளே வெளுத்திருக்கும். பன்னிரண்டு இருக்காது என்று தெரிந்துதான் சொன்னேன்.

இருந்தது 9.4.

இது நம் வீட்டுப் பெண்ணுக்கு மட்டும் வந்த குறை இல்லை, சகோதரிகளே. 2019-21-ல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், பதினைந்திலிருந்து நாற்பத்தொன்பது வயதுக்குட்பட்ட இந்தியப் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை. பாதிக்கு மேல்! நாம் அதை 'சோம்பல்' என்று சொல்லி அதட்டிக் கொண்டிருக்கிறோம்.

டாக்டரம்மா முதலில் மாதவிலக்கில் எத்தனை நாள், எவ்வளவு போகிறது என்று விசாரித்தார். பூச்சி மாத்திரை ஒன்று கொடுத்தார். பிறகு இரும்புச் சத்து மாத்திரை. வெறும் வயிற்றில் குமட்டியதால் ராத்திரி சாப்பாட்டுக்குப் பின், எலுமிச்சம்பழச் சாற்றோடு. அதற்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் காபி, டீ கூடாது. அவை இரும்பை உடம்பில் சேரவிடாது. மலம் கறுத்துப் போகும், பயப்படாதீர்கள் என்றும் சொன்னார். பேரீச்சம்பழமும் வெல்லமும் போதாதா என்று கேட்டேன். "சாப்பிடட்டும், நல்லதுதான். ஆனா 9.4-ஐ அது தூக்காது" என்றார். மாமியாரின் கர்ப்பப்பைக் கேள்வியையும் கேட்டேன். சைக்கிளால் அதற்கு ஒரு கெடுதலும் இல்லை என்று சொல்லிவிட்டார்.

மாத்திரை ஒரு பக்கம், பழக்கம் ஒரு பக்கம். முதலில் சீட்டின் உயரத்தைச் சரிசெய்தாள். பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன் மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். அப்போதுதான் முன்பாதத்தால் மிதிக்கையில் முழங்கால் லேசாக மடங்கும். தாழ்வாக இருந்தால் முழங்கால் போய்விடுமாம். பெண்களுக்கு இடுப்பெலும்பு அகலம் என்பதால் சீட்டும் கொஞ்சம் அகலமானதாக மாற்றினாள். பிறகு ஞாயிறுதோறும் எங்கள் திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு போய்த் திரும்பினாள். அதற்கப்புறம் சிறுமலை வளைவுகள். ஆகஸ்டில் 12.2 வந்தது. வந்த பிறகும் மூன்று மாதம் மாத்திரையை நிறுத்தக் கூடாது, உடம்பில் இருப்பு சேரவேண்டும் என்றார் டாக்டர்.

நான் சொன்ன வார்த்தைக்குக் கட்டுப்பட்டாக வேண்டியதாகிவிட்டது.

நவம்பர் 3-ம் தேதி ஸ்ரீநகரிலிருந்து கிளம்பினார்கள். தெற்கே சுமார் 3,700 கி.மீ.; நாளொன்றுக்கு நூறு என்று கணக்கு. பதினோரு பேரில் நால்வர் பெண்கள். தலைவி, மைசூரில் உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்த ஐம்பத்திரண்டு வயது அம்மாள். அவர் போட்ட சட்டம் எனக்கு ரொம்பப் பிடித்தது: கூட்டத்தில் யார் மெதுவோ அவர்தான் முன்னால் போகவேண்டும். மற்றவர்கள் அந்த வேகத்துக்கு மிதிக்க வேண்டும். கடைசியில் அவர் வருவார். ஒருவரும் பின்தங்க முடியாது.

இன்னொன்றும் சொன்னாராம். பசிக்கும் முன்னே சாப்பிடு, தாகம் எடுக்கும் முன்னே குடி. குளிரில் தாகமே தெரியாது, ஆனால் வேர்வை போய்க்கொண்டுதான் இருக்கும். பஞ்சு வைத்த சைக்கிள் கால்சட்டைக்குள் வேறு உள்ளாடை கூடாது. தையல் உராய்ந்து புண்ணாகும். இறங்கியதும் கழுவி, துடைத்து, மாற்று உடை. 'அந்த' நாட்களைத் தலைவியிடம் மறைக்கக் கூடாது.

பஞ்சாபில் குருத்வாராக்களில் தங்கினார்கள். ரொட்டியும் பருப்பும் போடப் போட வந்தது என்றாள். தீபாவளியன்று தில்லி. எண்ணெய் தேய்த்துவிட ஆளில்லாமல் ஒரு தீபாவளி. பலகையைப் போட்டுவிட்டு நான் அழுததை அவளிடம் சொல்லவில்லை. ஆக்ரா, குவாலியர், ஜான்சி... தினமும் ராத்திரி எட்டு மணிக்கு போன் வரும். நான் கேட்பது ஒன்றே: "நல்லா இருக்கியா? ஏதாவதுன்னா உடனே ரயிலேறி வந்துடு." அவள் பதிலும் ஒன்றே: "சூப்பரா இருக்கேம்மா."

டிசம்பர் 10, ஞாயிற்றுக்கிழமை. காலை பதினோரு மணிக்கு எங்கள் தெருவில் மணிச்சத்தம். பதினோரு சைக்கிள்! என் பெண் கறுத்து, கன்னம் ஒட்டி, பல் மட்டும் வெள்ளையாக நின்றாள். அன்று சாப்பிட்டார்களே ஒரு சாப்பாடு! இருபது பேருக்கு வடித்த சாதம் சாம்பாரோடு காலி. மறுபடி உலை வைத்தேன். நாக்பூர்ப் பையன் ஒருவன் தயிர்சாதத்துக்கு மேலும் மேலும் உப்புக் கேட்டான். வேர்வையில் போன உப்பை உடம்பு திருப்பிக் கேட்கிறது. மாமியார் விசிறியோடு அவன் பக்கத்தில் உட்கார்ந்து தமிழிலேயே உபசாரம் செய்து கொண்டிருந்தார்.

மத்தியானம் கொல்லையில் துணி உலர்த்தும்போது, கூட வந்த புனே பெண் இந்தியும் ஆங்கிலமுமாகச் சொன்னாள்: "சிவனியில் இவள் எங்களைப் பயமுறுத்திவிட்டாள் ஆன்ட்டி."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அன்று ராத்திரியும் 'சூப்பர்' என்றுதானே போன் வந்தது?

நடந்தது இது. மத்தியப் பிரதேசத்தில் சிவனிக்கு முன்னால் ராத்திரி முழுக்க வாந்தியும் பேதியும். காலையில் யாரிடமும் சொல்லாமல் சைக்கிளில் ஏறியிருக்கிறாள். இருபது கிலோமீட்டர் தாண்டியதும் கண் இருட்டி, ரோட்டோரம் சரிந்து உட்கார்ந்துவிட்டாள். பக்கத்திலேயே லாரிகள் போய்க் கொண்டிருக்கின்றன. காலையிலிருந்து சிறுநீரே போகவில்லை என்று தெரிந்ததும் தலைவி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய் குளுக்கோஸ் ஏற்ற வைத்தார். பிறகு ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தைக் கரைத்து, இரண்டு நிமிஷத்துக்கு ஒரு வாய். (பொட்டலம் கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. தலைதட்டி அளக்க வேண்டும். உப்பு கூடக் கூடாது.) பத்துப் பேரும் அன்று நகரவில்லை. மறுநாள் அவளை முன்னால் விட்டு, அறுபது கிலோமீட்டர்தான் மிதித்தார்கள். பெஞ்ச் காட்டில் புலிகள் கீழே கடந்து போக, ரோட்டை மேம்பாலமாகத் தூக்கிக் கட்டியிருக்கிற இடத்தை அதனால்தான் நிதானமாகப் பார்க்க முடிந்தது என்று சொல்லிச் சிரித்தாள் புனே பெண்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ராத்திரி எல்லோரும் கூடத்தில் வரிசையாகத் தூங்கியபின் மகளைக் கொல்லைப் பக்கம் கூப்பிட்டேன். "ஏண்டி சொல்லலே?"

தலையைக் குனிந்து கொண்டாள். "சொன்னா திரும்பி வந்துடுன்னு சொல்வே. அந்த மேடத்துகிட்டே சொன்னா உன்கிட்டே சொல்லிடுவாங்கன்னு அவங்ககிட்டேயும் சொல்லலே."

ஒரு அறை விட்டிருந்தால்கூட இப்படி வலித்திருக்காது. ரயிலேறி வா, ரயிலேறி வா என்று நான் தினமும் சொன்னதுதான் இவளை அந்த வயிற்றோடு சைக்கிளில் ஏற்றியிருக்கிறது. உடனே ஒன்றும் பேச வரவில்லை. சைக்கிளைப் பிடித்துப் பிடித்து மரத்துப்போயிருந்த அவள் சுண்டுவிரலையும் மோதிர விரலையும் நீவிவிட்டுக் கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"கன்னியாகுமரி வரைக்கும் ரயில் பேச்சை எடுக்கமாட்டேன். ஆனா எங்கே வலிச்சாலும் சொல்லணும்" என்றேன் கடைசியில்.

"நிஜமா?"

"நிஜமா."

காலையில் புளியோதரை மூட்டையோடு கிளம்பினார்கள். அன்று மதுரை தாண்டி போன் வந்தது. நான் நன்றாயிருக்கிறாயா என்று கேட்கவில்லை. "இன்னிக்கு எங்கே வலிச்சது?" என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் கொட்டினாள். இடது முழங்கால், தொடை இடுக்கில் ஒரு கொப்புளம், வாய்ப்புண், தூக்கமில்லை, ஒரு பையன் குறட்டை விடுகிறான்... இருபது நிமிஷம்! கொப்புளத்தை உடைக்காமல் கழுவித் துடைத்து உலரவிடச் சொன்னேன். குறட்டைக்கு என்னிடம் மருந்தில்லை.

13-ம் தேதி மாலை கன்னியாகுமரி போய்ச் சேர்ந்தார்கள். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் தூங்கினாள். மூன்றாம் நாள் ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப் போனேன். 11.8. மறுபடி மாத்திரை, எலுமிச்சம்பழம். காபி டம்ளரை மாமியாரே பிடுங்கி வைத்துவிட்டார்.