வயசுக் கோளாறாம்! பொறுக்க வேண்டுமாம்!

காஞ்சிபுரத்தில் கோர்வைப் பட்டு நெய்யத் தறிக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் நெய்வார், பக்கத்தில் ஒருவர் கரை நாடாவைத் தள்ளுவார். அந்த இரண்டாவது ஆள் பெரும்பாலும் வீட்டுப் பெண்தான். கூலிப் புத்தகத்தில் மட்டும் அவள் பெயர் இராது!

நாற்பத்தைந்து வயதில் அவளுக்கு மாதவிலக்கு தாறுமாறாகிறது. உதிரம் கொட்டுகிறது, உடம்பு திடீரென்று அனலாய்க் கொதித்து வியர்க்கிறது, இரவில் தூக்கமில்லை. பட்டில் வியர்வை பட்டால் கறை. கறைக்குக் கூலியில் பிடிப்பவர் யாரென்று நெசவாளிக்குத் தெரியும்.

"வயசுக் கோளாறு, பொறுத்துக்கொள்" என்கிறார்கள். இந்தப் பொறுமையால் லாபம் யாருக்கு? நாற்று நடும் பெண்ணுக்கும் ஆலைப் பெண்ணுக்கும் இதே உபதேசந்தான்.

சினைப்பைச் சுரப்பு ஏறியிறங்கிக் குறைவதால் வருவது இது, நோயல்ல. ஆனால் உதிரம் அதிகம் போனால் ரத்தசோகை வரும். ஓராண்டு நின்றபின் மறுபடி கண்டால், உடனே டாக்டரிடம் போகவேண்டும்.

கேட்பாரில்லாத இடத்தில் என்ன நடக்கும்? மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்கள் 82,000 பேருக்கு மேல் 2019ல் அரசுக் குழு விசாரித்தது. 13,000 பேருக்கு மேல் கர்ப்பப்பையே எடுக்கப்பட்டிருந்தது! வேலைக்கு வராத நாளுக்கு அபராதம் கட்டியவர்கள் அவர்கள்.

நாம் கேட்பது அதிகமில்லை. இரண்டாவது ஆளுக்கும் அவள் பெயரிலேயே கூலிச் சீட்டு. நெசவாளர் தெருவுக்கே மாதம் ஒருமுறை பெண் டாக்டரும் ரத்தப் பரிசோதனையும் வரவேண்டும்.