மாத்திரையும் காபியும்

காபீன் மூளையில் அடினோசின் ஏற்பிகளை மறிக்கிறது. பார்க்கின்சன் நோய்க்குத் தரும் லெவோடோபா மருந்துக்குத் துணையாக 2019-இல் அமெரிக்கா அனுமதித்த இஸ்ட்ராடெஃபிலின் மாத்திரையும் அவற்றில் ஒன்றைத்தான் மறிக்கிறது. இதைக் கேள்விப்பட்டு, காபியே பார்க்கின்சனுக்கு மருந்து என்று டம்ளர் கணக்கைக் கூட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. கனடாவில் ரொனால்டு பொஸ்டுமா குழு 2012-இல் நடத்திய சிறு சோதனை நம்பிக்கை தந்தது உண்மை. ஆனால் அதே குழு 2017-இல் வெளியிட்ட பெரிய சோதனையில், தினம் இருமுறை 200 மில்லிகிராம் காபீன் கொடுத்தும் நோயாளிகளின் உடலசைவில் முன்னேற்றம் தெரியவில்லை. காபியைக் கூட்டினால் தூக்கம் கெடுவதும், சிலருக்கு நடுக்கம் கூடுவதும்தான் கைமேல் பலன். நம் வீடுகளில் இன்னொரு சிக்கல், காபியில் கலக்கும் பால். பாலின் புரதம் செரித்து வரும் அமினோ அமிலங்கள் குடலிலும், பிறகு மூளைக்குள் நுழையும் இடத்திலும் லெவோடோபாவோடு முட்டிமோதுகின்றன. மருந்து தாமதமாகவும் குறைவாகவும் போய்ச் சேர்கிறது. காலையில் கை கால் விறைத்துக் கிடக்கும் மனிதருக்கு அந்தத் தாமதம் எவ்வளவு பெரிய வேதனை! லெவோடோபா மாத்திரையைத் தண்ணீரில் விழுங்கட்டும். அரைமணி நேரம் கழித்துக் காபி கொடுங்கள். பார்க்கின்சனுக்கான இன்னொரு மருந்தான ரோபினிரோல் சாப்பிடுகிறவர்கள் காபிப் பழக்கத்தை மருத்துவரிடம் அவசியம் சொல்ல வேண்டும், ஏனெனில் கல்லீரலில் காபீனைச் சிதைக்கும் அதே நொதிதான் அந்த மருந்தையும் சிதைக்கிறது.