களவு போன கணக்கும் கைவிடப்பட்ட குடிமகனும்

வீட்டை உடைத்துக் களவெடுத்தவனைக் கண்டால் ஊர் திரண்டு துரத்தும். படகின் இயந்திரத்தைக் கழற்றிச் சென்றவனைக் கண்டால் கரை முழுவதும் கூடித் தேடும். ஆனால் ஒருவனுடைய பெயரையும் முகத்தையும் குரலையும் சேர்த்துக் களவெடுத்துச் சென்றவனை எவரும் காண்பதில்லை. களவு கொடுத்தவனையே ஊர் ஏளனம் செய்கின்றது, உத்தியோகத்தர் சந்தேகிக்கின்றார். சமூக ஊடகக் கணக்குகள் பறிபோவதை இளைஞரின் விளையாட்டுத் தொல்லை என்று ஒதுக்கும் மனப்பான்மை நம்மிடையே இருக்கின்றது. அம்மனப்பான்மை மாற வேண்டும் என்பதற்காகவே இவ்வாரம் இதனை எழுதுகின்றோம்.

குருநகரை எடுத்துக் கொள்வோம். கடலை நம்பி வாழும் அவ்வூரில் வாட்ஸ்அப்பும் பேஸ்புக்கும் பொழுதுபோக்குச் சாதனங்கள் அல்ல. மீன் விலையும் காற்றின் போக்கும், கூட்டுறவுச் சங்கத்தின் அறிவித்தலும், இந்திய இழுவைப் படகுகள் வலையை அறுத்துச் சென்ற செய்தியும் அவற்றின் வழியாகவே பரவுகின்றன. கனடாவிலும் பிரான்சிலும் வாழும் பிள்ளைகள் பெற்றோரின் முகத்தைப் பார்ப்பதும் அதே கண்ணாடியிலேதான். வலிகாமத்துக் கமக்காரருக்கும் அப்படியே. திருநெல்வேலிச் சந்தையில் வெங்காயம் என்ன விலைக்குப் போகின்றது என்பதைத் தோட்டத்தில் நின்றபடியே அறிந்து, இன்று கிண்டுவதா நாளை கிண்டுவதா என்று தீர்மானிக்கும் காலம் இது. சட்டத்தரணிக்கும் வைத்தியருக்கும் ஆசிரியருக்கும் தம்மிடம் வருவோர் நம்பிக் கூறிய இரகசியங்கள் தங்கும் பெட்டகமும் அதுவேயாகும்.

இதற்கும் மேலாக ஒன்றுண்டு. 1986 ஜூன் 10 இல் மண்டைதீவுக் கடலில் குருநகர் மீனவர் முப்பதுக்கும் மேற்பட்டோர் வெட்டிக் கொல்லப்பட்டனர். 1993 நவம்பரில் புனித யாகப்பர் ஆலயம் விமானக் குண்டு வீச்சுக்கு இலக்காயிற்று. அந்நாட்களின் படங்களையும் பெயர்களையும் ஆண்டு நினைவுகளையும் தாங்கி நிற்பவை அரசாங்கச் சுவடிக்கூடங்கள் அல்ல. தனியார் சேர்த்து வைத்த முகநூற் பக்கங்களே பல குடும்பங்களுக்கு இன்று சுவடிக்கூடம். 1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைக் கண்ட இனத்துக்கு, ஓரிடத்தில் மட்டும் வைத்த நினைவு ஓரிரவில் அழியும் என்பதை நாம் எடுத்துக் கூற வேண்டியதில்லை. பக்கத்தைப் பறித்தவன் அதை அழிக்க ஒரு விநாடி போதும்.

களவு நடைபெறும் விதம் மிக எளிது. தெரிந்தவர் ஒருவரின் பெயரில் செய்தி வரும்: “தவறுதலாக உங்கள் எண்ணுக்கு ஆறு இலக்க எண் ஒன்று வந்துவிட்டது, தயவு செய்து அனுப்புங்கள்.” அந்த ஆறு இலக்கந்தான் வாட்ஸ்அப்பின் திறவுகோல். அனுப்பிய மறுகணமே கணக்கு மற்றவன் கைக்குப் போய்விடுகின்றது. பின்னர் அவன் அதே பெயரில் வெளிநாட்டு உறவினரிடம், “அவசரம், ஆஸ்பத்திரிச் செலவு, காசு அனுப்புங்கள்” என்று எழுதுவான். உறவின் பாசமே அவனுக்கு மூலதனம். பேஸ்புக்கிலோ, “உங்கள் பக்கம் விதியை மீறியுள்ளது, இங்கே அழுத்துங்கள்” என்ற பொய் எச்சரிக்கை வரும். அழுத்தினால் அசலைப் போலவே தோன்றும் போலிப் பக்கம் திறக்கும். அதில் நாம் எழுதும் கடவுச்சொல் திருடனைச் சென்றடையும்.

இதில் அகப்பட்டவர் வெட்கப்பட வேண்டியதில்லை. 2020 ஜூலையில் டுவிட்டர் நிறுவனத்தின் உட்கருவிகளையே கைப்பற்றி, ஒபாமா, பைடன், பில் கேட்ஸ் ஆகியோரின் கணக்குகளிலிருந்து மோசடிச் செய்தி வெளியிட்ட வழக்கில் முதன்மையானவனாகப் பிடிபட்டவன் புளோரிடாவைச் சேர்ந்த 17 வயதுப் பையன். 2021 இல் நடிகையும் அரசியல்வாதியுமான குஷ்புவின் டுவிட்டர் கணக்குப் பறிபோயிற்று. அவர் தமிழ்நாட்டுப் பொலிஸ் தலைமையிடம் முறையிட்டார். அதே ஆண்டு டிசம்பரில் இந்தியப் பிரதமர் மோடியின் கணக்கும் சிறிது நேரம் பிறர் கைக்குச் சென்றது. 2024 டிசம்பர் இறுதியில் இலங்கைப் பொலிஸ் திணைக்களத்தின் சமூக ஊடகக் கணக்குகளே ஊடுருவப்பட்டன. காவற்காரன் வீட்டிலேயே களவு போன நாட்டில், களவு கொடுத்த குடிமகனைப் பார்த்துச் சிரிக்க எவருக்கும் உரிமை இல்லை.

ஆனால் ஒரு வேறுபாட்டை நாம் கவனிக்க வேண்டும். பிரதமருக்காக நிறுவனம் உடனே எழுந்து ஓடியது. குருநகர் மீனவருக்காக ஓடுவார் யார்? அவருக்குக் கிடைப்பதெல்லாம் இயந்திரம் எழுதும் பதிலே. ஆகவே அவர் தாமே செய்யக் கூடியவற்றை முதலில் அறிந்திருத்தல் வேண்டும்.

வாட்ஸ்அப் பறிபோனால் தாமதியாது அதே எண்ணைக் கொண்டு மீண்டும் பதிவு செய்ய வேண்டும். குறுஞ்செய்தியாக வரும் ஆறு இலக்கத்தை இட்ட உடனேயே திருடன் வெளியேற்றப்படுவான். அவன் இரண்டாம் இரகசிய எண் ஒன்றை இட்டிருந்தால் உள்ளே செல்ல நாம் 7 நாட்கள் பொறுக்க வேண்டியிருக்கும். ஆயினும் அந்நாட்களில் அவனும் உள்ளே இருக்க முடியாது. நுழைந்ததும், இணைக்கப்பட்ட பிற கருவிகள் அனைத்தையும் துண்டிக்க வேண்டும். பேஸ்புக்காயின், கணக்குப் பறிபோனோருக்கென்று அந்நிறுவனம் வைத்துள்ள மீட்புப் பக்கத்துக்கு, வழக்கமாகப் பயன்படுத்திய அதே கைத்தொலைபேசியிலிருந்து செல்வது நன்று. மின்னஞ்சல் முகவரி மாற்றப்பட்டதாகப் பழைய முகவரிக்கு வரும் அறிவித்தலில், அம்மாற்றத்தை மறுக்கும் வழியும் இருக்கும். அதனை அழித்துவிடலாகாது.

எல்லாவற்றுக்கும் முன்னதாகக் காக்க வேண்டியது மின்னஞ்சல். ஏனைய கதவுகளின் திறவுகோல்கள் அங்கேதான் தொங்குகின்றன. கூகுள் கணக்கில் மீட்புத் தொலைபேசி எண்ணைத் திருடன் மாற்றியிருந்தாலும், மாற்றிய 7 நாட்கள் வரை பழைய எண்ணைக் கொண்டு மீட்க முயலலாம். ஆகவே முதல் வாரம் பொன்னானது. அதே வேளையில் வங்கிக்கும் உறவினருக்கும் வேறு வழியில் அறிவித்துவிட வேண்டும். காசு தந்தால் கணக்கை மீட்டுத் தருவதாக இணையத்தில் அழைப்போரை நம்பலாகாது. முதற் களவைத் தொடர்ந்து வரும் இரண்டாம் களவு அது.

இனிச் சட்டத்தைப் பார்ப்போம். 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டம், அதிகாரமின்றிப் பிறர் கணினிக்குள்ளோ அதிலுள்ள தகவலுக்குள்ளோ நுழைவதைக் குற்றமாக்கியுள்ளது. அதற்குச் சிறைத்தண்டனையும் விதிக்கப்படலாம். குற்றம் புரிந்தவன் நாட்டுக்கு வெளியே இருந்தாலும், பாதிக்கப்பட்ட சேவை வெளிநாட்டில் இயங்கினாலும் இச்சட்டம் பொருந்தத்தக்கவாறே எழுதப்பட்டுள்ளது. இணையக் குற்றங்கள் பற்றிய புடாபெஸ்ட் உடன்படிக்கையில் இலங்கை 2015 இலேயே சேர்ந்துவிட்டது. ஆகவே, “பேஸ்புக் அமெரிக்காவில் இருக்கின்றது, நாங்கள் என்ன செய்வது?” என்று எந்தப் பொலிஸ் நிலையத்திலாவது பதில் கிடைக்குமானால், அது சட்டம் அறியாதவரின் பதிலேயாகும். அப்பதிலைக் கேட்டுக் கொண்டு திரும்பி வருதல் கூடாது. முறைப்பாட்டைப் பதிவு செய்வித்து, அதன் இலக்கத்தைப் பெற்றே வருதல் வேண்டும். திருடன் அனுப்பிய செய்திகளையும் மாற்ற அறிவித்தல்களையும் திகதியும் நேரமும் தெரியப் படம் பிடித்து வைத்துக் கொள்ளல் வேண்டும். 2006 இல் நிறுவப்பட்ட இலங்கைக் கணினி அவசரத் தயார்நிலைக் குழுவை 101 என்ற எண்ணில் அழைத்தும் அறிவிக்கலாம்.

முறைப்பாட்டை நாம் இவ்வளவு வற்புறுத்துவதற்குத் தமிழ் மக்களுக்கே உரிய காரணம் ஒன்றுண்டு. கொழும்பு வர்த்தகர் ஒருவரின் கணக்குப் பறிபோனால் அவருக்கு நேர்வது பணநட்டம். யாழ்ப்பாணத்து இளைஞன் ஒருவனின் கணக்குப் பறிபோனால் அவனது சுதந்திரமே பறிபோகலாம். 2024 நவம்பரில் மாவீரர் வாரத்தை ஒட்டி முகநூற் பதிவுகளின் பேரில் கைதுகள் இடம்பெற்றதை நாடறியும். 1979 இல் தற்காலிக ஏற்பாடு என்று கூறிக் கொண்டுவரப்பட்டுத் தசாப்தங்களாக நம்மை வாட்டிய பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கொடுமையை அறியாத குடும்பம் குருநகரில் உண்டோ? கணக்கைத் திருடியவன் எழுதியதற்குக் கணக்குக்கு உரியவன் பதில் சொல்லும் நிலை வந்தால், களவு போன நாளிலேயே செய்த முறைப்பாடு ஒன்றே அவனுக்கு அரணாக நிற்கும். பின்னர் சொல்லும் உண்மை, நீதிமன்றத்தில் சாக்குப்போல ஒலிக்கும்.

முறைப்பாடு செய்யச் சென்றால் அங்கே மொழி குறுக்கிடுகின்றது. 1956 இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தது. 1987 இன் 13 ஆவது திருத்தம் தமிழும் ஓர் அரசகரும மொழி என்றது. 1988 இன் 16 ஆவது திருத்தம் வடக்கு கிழக்கில் தமிழே நிர்வாக மொழி என உறுதி செய்தது. தமிழில் அரச அலுவலரோடு தொடர்பு கொள்வதும் தமிழிலேயே பதில் பெறுவதும் நமக்கு அரசியலமைப்பு அளித்த உரிமை. அவ்வுரிமை வீதிப் பெயர்ப் பலகைகளோடு நின்றுவிடக் கூடாது. தான் சொன்னதை, தனக்கு விளங்கும் மொழியில் எழுதி, தனக்கு வாசித்துக் காட்டிய பின்னரே கையொப்பமிடும் உரிமை கணினிக் குற்ற முறைப்பாட்டுக்கும் உண்டு.

நிறுவனங்களின் வாசலில் வேறொரு தடை இருக்கின்றது. கணக்கு உரியவருடையதுதானா என்று அறிய அவை அடையாள அட்டையைக் கேட்கின்றன. நமது மக்களோ தந்தை பெயரை முன்னும் பின்னுமாக எழுதுவோர், தலைப்பெழுத்தோடு வாழ்வோர், ஊர்ப்பெயரையே புனைபெயராகச் சூடிக்கொள்வோர். அட்டையில் ஒரு பெயரும் கணக்கில் வேறொரு பெயரும் இருந்தால் இயந்திரம் கைவிரித்துவிடும். தொலைபேசி இணைப்பு மைத்துனரின் பெயரில் இருந்தால் குறுஞ்செய்தியைப் பெறுவதும் சிக்கலாகும். கணக்கிலுள்ள பெயரை அட்டையோடு ஒத்ததாக்குவதும், தொலைபேசி இணைப்பைத் தம் பெயருக்கே மாற்றிக் கொள்வதும் களவுக்கு முன்னரே செய்ய வேண்டியவை.

நிறுவனங்களை அசைக்க நம்மால் இயலாது என்று கூறுவாருமுளர். 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தில் முஸ்லிம் மக்களுக்கு எதிரான வன்முறை வெடித்தபோது அரசாங்கம் சமூக ஊடகங்களை முடக்கியது. உடனே பேஸ்புக் பிரதிநிதிகள் கொழும்புக்கு வந்து பேசினர். 2020 இல் அந்நிறுவனம் தன் பங்குக்காக மன்னிப்பும் கேட்டது. 2019 ஏப்ரலிலும் 2022 ஏப்ரலிலும் அரசாங்கம் மீண்டும் அத்தளங்களை முடக்கியது. வாயை மூட வேண்டும் என்று தோன்றும்போது அரசாங்கத்தின் கை நிறுவனங்களை எட்டுகின்றது. களவு போன குரலை மீட்டுத் தர வேண்டும் என்றால் மட்டும் அந்தக் கை குறுகிவிடுவது ஏன்? 2024 ஜனவரியில் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தை அத்தனை எதிர்ப்புக்கும் நடுவே நிறைவேற்றக் காட்டிய வேகத்தில் ஒரு பங்கையேனும் இதிலே காட்டினால் ஆகாதா என்று கேட்கின்றோம்.

நாம் கோருவன மூன்று. வடக்கு கிழக்கின் ஒவ்வொரு பொலிஸ் நிலையத்திலும் கணினிக் குற்ற முறைப்பாட்டைத் தமிழில் பெற்று, அன்றே சான்றளிக்கப் பயிற்சி பெற்ற உத்தியோகத்தர் இருத்தல் வேண்டும். அச்சான்றை ஏற்று, தமிழ் அறிந்த மனிதரே பரிசீலித்துக் கணக்கைத் திருப்பித் தரும் ஏற்பாட்டுக்கு அரசாங்கம் நிறுவனங்களோடு உடன்பாடு காண வேண்டும். கணக்குப் பறிபோனதாக முறைப்பாடு செய்த எவரையும், அதன் பின் அக்கணக்கில் வெளிவந்த பதிவுக்காக விசாரணையின்றித் தடுத்து வைத்தல் கூடாது.

அரசாங்கம் செய்யும்வரை கை கட்டி இருக்க வேண்டியதில்லை. நமது சனசமூக நிலையங்கள் ஒரு காலத்தில் எழுத்தறியாதவருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தன. இன்று அவற்றில் ஞாயிறு தோறும் ஒரு மணி நேரம், கற்ற இளைஞர் இருவர் அமர்ந்து, வருவோரின் வாட்ஸ்அப்பிலும் பேஸ்புக்கிலும் இரண்டடுக்குக் காவலை இட்டுக் கொடுக்கலாம். ஊர்ப் படங்களைப் பிரதி எடுத்து வேறிடத்திலும் சேமிக்கலாம். கடற்றொழிலாளர் சங்கங்களும் கமக்கார அமைப்புகளும் தத்தம் பக்கங்களுக்குப் பொறுப்பாளர் ஒருவரை மட்டும் வையாது இருவரை நியமிக்கட்டும். நமது வட்டாரத்துச் சட்டத்தரணிகள் முறைப்பாட்டு மாதிரி ஒன்றைத் தமிழில் எழுதி அச்சிட்டு நிலையங்கள்தோறும் தொங்கவிடட்டும்.

இவற்றுக்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. குருநகரில் தொடங்கலாம், வரும் ஞாயிற்றுக்கிழமையே தொடங்கலாம்.