மிதக்கும் ரயிலும் ஓயி ஆறும்



மீக்கடத்திக் காந்த ரயில் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, அது நாளைக்கே வந்துவிடும் என்பதுபோல் எழுதப்பட்டிருக்கிறது. வண்டி ஓடும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஜப்பானின் யமனாஷி சோதனைப் பாதையில் 2015 ஏப்ரலிலேயே மணிக்கு 603 கி.மீ. வேகத்தைத் தொட்டுவிட்டது. நியோபியம்-டைட்டானியம் கம்பிச்சுருளைத் திரவ ஹீலியத்தால் மைனஸ் 269 டிகிரிக்குக் குளிர்விக்கிறார்கள். மின்தடை அடியோடு போய்விடுகிறது. அந்தக் காந்த பலத்தில் பெட்டி சுமார் 10 செ.மீ. உயரத்தில் மிதக்கிறது. வேகம் பிடிக்கும்வரை ரப்பர் சக்கரத்தில்தான் ஓட்டம்.

சிக்கல் தரையில் இருக்கிறது. இந்த ரயிலுக்காகத் திட்டமிட்ட டோக்கியோ - நகோயா பாதை 286 கி.மீ. அந்த வேகத்தில் வளைந்து நெளிந்து போக முடியாது, மலையைக் குடைந்தே தீரவேண்டும். பத்தில் எட்டுப் பங்குக்கும் மேல் சுரங்கம். ஓயி ஆற்றின் நீர் சுரங்கத்துக்குள் வடிந்துவிடும் என்று ஷிசுவோக்கா மாகாணம் ஆட்சேபித்தது. இதை வளர்ச்சிக்கு முட்டுக்கட்டை என்று சொல்வது அநியாயம். அங்கே குடிநீருக்கும் தேயிலைத் தோட்டங்களுக்கும் அந்த ஆறுதான் ஆதாரம். அந்தப் பகுதி வேலை தொடங்காததால் 2027இல் திறக்கும் திட்டம் கைவிடப்பட்டது. சுமார் 5.5 லட்சம் கோடி யென் என்றிருந்த மதிப்பீடு 2025இல் 11 லட்சம் கோடியாக உயர்ந்தது. போதாக்குறைக்கு, இருக்கிற ஷின்கான்சென் அதிவேக ரயில் தண்டவாளத்தில் இந்த வண்டி ஏறவே ஏறாது. எல்லாமே புதிதாகக் கட்டவேண்டும்.

கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஓயி ஆற்று விவகாரம் குறித்து விரிவான கட்டுரை ஒன்றை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

- வாசகர், பொன்மலை