ஊதிப் பார்க்காமல் வாங்குவதா?

மவுத்பீஸை வாயில் வைத்துப் பார்க்காமலேயே வாங்கச் சொல்லும் கடைக்காரர்கள்மீது இந்த வாரம் முழுக்கக் கோபமாக இருக்கிறேன். என் அண்ணன் மகள் டெக்சாஸில் படிக்கிறாள். பள்ளி மார்ச்சிங் பேண்டில் சூசஃபோன், அதாவது தோளில் சுற்றிக்கொள்ளும் டூபா, ஊதுகிறாள். கருவி பள்ளிக்கூடத்துடையது; மவுத்பீஸ் மட்டும் சொந்தமாக இருக்கட்டும் என்று கடைக்குப் போயிருக்கிறாள். அங்கே எதையும் ஊதிப் பார்க்க விடவில்லை. எல்லாப் பிள்ளைகளும் வாங்குவது இதுதான் என்று ஒன்றை எடுத்து நீட்டியிருக்கிறார்கள். வாங்காமல் திரும்பிவிட்டாள். ராத்திரி எனக்குப் போன். "சித்தப்பா, இருக்கறதுலயே பெருசா ஒண்ணு ஆன்லைன்ல வாங்கிடட்டுமா? சீனியர்ஸ் எல்லாரும் பெருசுதான் வெச்சிருக்காங்க."

நான் சர்ச் பேண்டில் யூஃபோனியம் ஊதியவன் என்பது இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். ஏறக்குறைய 18 அடி நீளக் குழாயைத் தோளில் சுற்றிக்கொண்டு நடக்கும் பிள்ளைக்கு, அந்தப் பித்தளையோடு உதடு சேரும் ஒரே இடம் மவுத்பீஸ்தான். அதைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் எப்படித் தேர்ந்தெடுப்பது? ஊதிப் பார்த்ததும் கழுவித் துடைத்து வைக்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

பெரியதுதான் நல்லது என்ற நம்பிக்கை இன்னொரு தொல்லை. டூபா மவுத்பீஸ்களின் கிண்ணத்து உள்விட்டம் பெரும்பாலும் 30 முதல் 34 மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும். பள்ளிகளில் அதிகம் புழங்கும் பாக் 24 ஏ.டபிள்யூ. 31.25 மி.மீ. அதைவிட ஒரு மில்லிமீட்டர் சொச்சம் அகலமானது கான் ஹெல்லபெர்க். சூசஃபோனுக்குப் பெயர் தந்த சூசாவின் பேண்டில் வாசித்த ஆகஸ்ட் ஹெல்லபெர்க்கின் பெயரைத் தாங்கியது. உள்ளே புனல்போல ஆழமாக இறங்கும். கேட்கச் சின்ன வித்தியாசம்தான், ஆனால் உதட்டுக்கு அது பெரிய வித்தியாசம். அகலமும் ஆழமும் கூடினால் கீழ் ஸ்வரங்கள் தடிமனாக, வளமாக வரும். பழக்கம் போதாத உதடு சீக்கிரம் தளர்ந்துவிடும், மேல் ஸ்வரங்கள் வழுக்கும். மைதானத்தில் நடந்துகொண்டே ஊதுபவளுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. ஒவ்வொரு அடிக்கும் விளிம்பு உதட்டில் இடிக்கும். அது கூர்மையாக இருந்தால் ஒரு மணி நேர ஒத்திகையில் உதடு வீங்கிவிடும். வட்டமாக உருட்டிய விளிம்புதான் அவளுக்கு ஏற்றது. கருவிக்குள் செருகும் தண்டையும் பார்க்க வேண்டும். ஐரோப்பிய அளவுத் தண்டு அமெரிக்க அளவுக் குழாயில் போதுமான ஆழத்துக்கு இறங்காது, சுருதி கெடும். மவுத்பீஸ் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் இதைச் சரிசெய்ய முடியாது.

இதையெல்லாம் போனில் விளக்கத் தொடங்கியவன், பாதியில் எழுந்துபோய் அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தேன். ஆர்னால்ட் ஜேக்கப்ஸைப் பற்றி பிரையன் ஃப்ரெடரிக்சன் எழுதி 1996-இல் வெளிவந்த 'சாங் அண்ட் விண்ட்'. இதைப் பற்றி முன்பும் எழுதியிருக்கிறேன். இன்னும் பல தடவை எழுதுவேன்.

ஜேக்கப்ஸ் 1944 முதல் 1988 வரை சிகாகோ சிம்பொனியின் டூபாக்காரர். ஆஸ்துமாவோடு வாழ்ந்தவர். வயதாக ஆக நுரையீரலின் கொள்ளளவு குறைந்துகொண்டே வந்தது. ஆர்க்கெஸ்ட்ராவிலேயே அதிகக் காற்றைக் குடிக்கும் கருவியை அப்படிப்பட்ட ஒருவர் 44 வருஷம் வாசித்தார். ஓபோவில் அழுத்தம் அதிகம், ஓடும் காற்று குறைவு. டூபாவில் அழுத்தம் குறைவு, காற்று ஏராளம். இதை அவர் அளவீட்டுக் கருவிகள் வைத்து அளந்தே பார்த்தார். வயிற்றை இறுக்கி முக்குபவனுக்கு டூபா வசப்படாது, தடையில்லாமல் மூச்சை ஓடவிடுபவனுக்குத்தான் வசப்படும் என்று சொல்லிக்கொடுத்தார். சிகாகோவின் ஃபைன் ஆர்ட்ஸ் கட்டடத்தில் இருந்த அவர் அறைக்கு டூபாக்காரர்கள் மட்டுமா வந்தார்கள்? ஹார்ன், டிரம்பெட், புல்லாங்குழல் வாசிப்பவர்கள்கூட மூச்சைக் கற்றுக்கொள்ள வந்தார்கள்.

அவர் கருவி வந்த கதைதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஃபிலடெல்ஃபியா ஆர்க்கெஸ்ட்ராவின் நடத்துநர் ஸ்டொகோவ்ஸ்கிக்கு ஆர்கன்போல நிறைந்து ஒலிக்கும் அடிஸ்தாயி வேண்டியிருந்தது. அதற்காக யார்க் கம்பெனி பிரம்மாண்டமான டூபா ஒன்றைச் செய்துகொடுத்தது. ஆர்க்கெஸ்ட்ராவின் டூபாக்காரர் டொனாட்டெல்லி குள்ளம், தொப்பையும் உண்டு. கருவியை மடியில் வைத்தால் மவுத்பீஸ் அவர் வாய்க்கு வாகாக அமையவில்லை. மூச்சை இழுத்தால் வயிறு கருவியைத் தள்ளிவிடும். அதைத் தன் மாணவனுக்கு 175 டாலருக்கு விற்றுவிட்டார். வாரம் 5 டாலர் தவணை. 15 வயதில் கர்ட்டிஸ் இசைப்பள்ளியில் சேர்ந்திருந்த ஜேக்கப்ஸ்தான் அந்த மாணவன். எவ்வளவு உயர்ந்த கருவியானாலும் ஊதுபவரின் உடம்புக்குப் பொருந்தாவிட்டால் என்ன பயன்? பிற்காலத்தில் யமஹா, ஹிர்ஷ்புருன்னர் கம்பெனிகள் அளந்து நகலெடுத்தது இந்த யார்க்கைத்தான்.

அந்த யார்க்கே கையில் இருந்தும் ஜேக்கப்ஸ் மாணவர்களை அடிக்கடி வெறும் மவுத்பீஸில்தான் ஊதவைத்தார். அதில் ஒரு பாட்டை முழுசாக வாசிக்க வேண்டும். குழாய் இல்லாதபோது ஸ்வரத்தைப் பிடித்து நிறுத்த உதவி எதுவும் கிடையாது. மனசுக்குள் பாட்டு தெளிவாகக் கேட்டால்தான் உதடு அந்தச் சுருதியில் அதிரும். முதலில் தலைக்குள் பாடு, பிறகு காற்றை அனுப்பு: புத்தகத்தின் தலைப்பே இந்த வரிசையில்தான் இருக்கிறது. எந்த மவுத்பீஸ் என்று கேட்டு வருபவர்களுக்கு இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியவில்லை. எந்தக் கிண்ணத்தில் அந்தப் பாட்டு சிரமமில்லாமல், சுருதி பிசகாமல் வருகிறதோ, அதிலிருந்து தொடங்கலாம்.

இதைப் பிள்ளையிடம் சொன்னேன். அவள் பேண்ட் ஆசிரியரிடம் ஒரு பெட்டி நிறையப் பழைய மவுத்பீஸ்கள் இருக்கின்றனவாம். சனிக்கிழமை அவற்றை நன்றாகக் கழுவி, முதலில் தண்டு பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டு, ஒவ்வொன்றிலும் தனக்குப் பிடித்த ஒரே பாட்டை வாசிக்கப் போகிறாள். பிறகு ஒவ்வொன்றையும் சூசஃபோனில் மாட்டி, நடந்துகொண்டே ஊதுவாள். இருபது அடி தள்ளி நின்று தோழி ஒருத்தி கேட்பாள். எது எந்த அளவு என்று தோழிக்குச் சொல்லப்போவதில்லை. அதில் பெரியதே ஜெயித்தால் பெரியதையே வாங்கிக்கொள்ளட்டும்.